ஆறரை மணிக்கு மூடும் கதவு: எங்கள் பாலின சமத்துவத் திட்டத்தில் என்ன எழுதலாம்?

ஏற்காட்டுக்காரி (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், நான்காம் வருடம். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படிப்பது கீழே சேலத்தில். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் நிறுவனம் ஒரு 'பாலின சமத்துவத் திட்டம்' தயாரிக்கப் போகிறது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் ஆய்வு மாணவர் ஆலோசனை எழுதித் தர வேண்டும். எங்கள் துறையில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் இருக்கிறது. போன தடவை இதே மாதிரி கேட்டார்கள். மகளிர் தினத்தன்று கோலப் போட்டி, ஒரு சொற்பொழிவு, ஆளுக்கொரு ரோஜாப்பூ என்று முடிந்தது. இந்தத் தடவையும் அப்படிப் போய்விடக் கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

என் விஷயத்தைச் சொல்கிறேன். நான் வேலை செய்வது ஆர்க்கிட் செடிகளில். அதன் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்கத் தேவையான சத்து விதைக்குள்ளேயே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் துணையோடு முளைக்கும்; ஆய்வகத்தில் நாம்தான் அகார் ஊடகத்தில் சர்க்கரையும் உப்புகளும் சேர்த்து ஊட்ட வேண்டும். அந்தச் சர்க்கரைக்குத் தேவையில்லாத பூஞ்சையும் வரும். அதனால் ஒவ்வொரு குடுவையையும், வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் லேமினார் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். எங்கள் துறையில் லேமினார் ஒன்றுதான். அதற்குப் பதினோரு பேர்.

பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும். யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத வேண்டும். போன வாரம் சும்மா பின்னால் புரட்டிப் பார்த்தேன். மூன்று மாதப் பக்கங்களில் மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு பெண் பெயர்கூட இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடும். ஆண்கள் விடுதி பத்து மணி. பகலில் வகுப்பு, செய்முறைத் தேர்வு வேலை, கைடு (ஆய்வு நெறியாளர்) கூப்பிடும் வேலை எல்லாம் இருக்கும். லேமினார் நிம்மதியாகக் கிடைப்பதே மாலையில்தான்.

என் கூடச் சேர்ந்த இரண்டு பையன்கள் ஆளுக்கு இரண்டு கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்று. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம், வாரத்துக்குச் சுமார் இருபது மணி நேரம் அவர்களுக்குக் கூடுதலாக இருக்கிறது. நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

இதை எப்படி எழுதினால் எடுபடும்? வேறு என்ன சேர்க்க வேண்டும்?

தாரமங்கலம் தறிக்காரர் | திங்கள், இரவு 10:35

தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. நான் பட்டதாரி இல்லை, விசைத்தறி ஓட்டுகிறவன். என் மகள் வேறொரு கல்லூரியில் வேதியியல் முதுகலை படிக்கிறாள், விடுதியில்தான் இருக்கிறாள். அங்கே ஆறரைக்குக் கதவு மூடுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் சேர்த்தேன். பத்து மணி வரை திறந்திருக்கும் என்றால் என் அம்மா விட்டிருக்க மாட்டார், உறவுக்காரர்கள் வாயை அடைக்க என்னாலும் முடிந்திருக்காது. அந்தக் கதவால்தான் அவள் படிக்கிறாள். நீங்கள் அதைத் திறக்கச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அதையும் யோசிக்க வேண்டும்.

எண்கணிதன் | செவ்வாய், காலை 7:15

எனக்கு ஒரு சந்தேகம், நேராகவே கேட்கிறேன். எங்கள் கணிதத் துறையில் முதுகலை வகுப்பில் இருபது பேரில் பதினாலு பேர் பெண்கள். தங்கப் பதக்கம் வாங்குவதும் அவர்கள்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. விடுதி நேரத்தை மாற்றலாம், சரி. அதைத் தாண்டி இன்னும் என்ன சமத்துவம் பாக்கி?

ஆத்தூர் டீச்சர் | செவ்வாய், காலை 11:40

தம்பி, கேட்டது நல்ல கேள்வி. நான் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உள்ளே வருகிறவர்களை மட்டும் எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டில் உயர்கல்வி படித்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடி பெண்கள். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் பெண்கள் ஆண்களை விட ஒரு படி மேலேயே இருக்கிறார்கள்: பெண்கள் 47.3 சதவீதம், ஆண்கள் 46.8. முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்களிலும் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சரி, அப்புறம் இவர்கள் எங்கே போகிறார்கள்? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில், ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருப்பவர்களில் பெண்கள் 16.6 சதவீதம். ஆறு பேரில் ஒருவர். வகுப்பில் பதினாலு பேர் இருந்தார்களே, அவர்கள் எந்தெந்தக் கதவில் நின்றார்கள் என்பதுதான் இந்தப் பெண் எழுதப்போகிற திட்டத்தின் வேலை.

1933இல் கமலா சோஹோனி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்டபோது சி.வி. ராமன் பெண் என்பதற்காகவே மறுத்தார். அவர் விடாமல் நின்று கேட்ட பிறகு, ஒரு வருடம் பார்க்கிறேன் என்று நிபந்தனை போட்டுச் சேர்த்தார். அதே கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். நம் காலத்துக்கு வாருங்கள். அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) 1942இல் தொடங்கியது. அதன் தலைமை இயக்குநராக முதல் பெண் வந்தது 2022இல்: அம்பாசமுத்திரத்துக்காரர், காரைக்குடியில் மின்கலன் ஆராய்ச்சி செய்த கலைச்செல்வி. எண்பது வருடம்! அதுவரை தகுதியான பெண்ணே இல்லையா?

இன்னொன்று. இது நம் ஊர்க் கதை. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் எந்த மாவட்டத்தில் தொடங்கியது தெரியுமா? சேலத்தில். பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஊர் இது. அப்போது எனக்கு மூத்த பெண் பிறந்திருந்தாள். மருத்துவமனையில் என்னைப் பார்க்க வந்தவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். அந்த வருடம் பிறந்து தப்பிய பெண்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இன்று சேலத்து ஆய்வகங்களில் நிற்கிறவர்கள் அவர்களும் அவர்களின் தங்கைகளும்தான். உயிரோடு இருப்பதற்கே திட்டம் போட்ட ஊரில், 'பெண்கள்தான் நிறையப் படிக்கிறார்களே, போதாதா' என்று யாராவது கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. உங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

தாரமங்கலம் ஐயா, உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். நானும் அந்தப் பயத்தோடுதான் மூன்று பெண்களை வளர்த்தேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர் | செவ்வாய், மாலை 6:05

ஏற்காட்டுக்காரி, நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கப் போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகளை எடுத்துப் படியுங்கள். பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதியைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வளாகத்தில் வெளிச்சம், நம்பகமான போக்குவரத்து இவையெல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் மனுவின் முதல் பத்தி அதுவாகவே இருக்கட்டும்.

அதே ஒழுங்குமுறையில் மாணவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னும் சில விஷயங்கள் உண்டு. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்: இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைக்கு ஒருவர் வீதம், தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்து. வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் குழுவில் உட்காரக் கூடாது. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

ஆய்வு மாணவிகளுக்கு இதில் மிக முக்கியமானது இடைக்கால நிவாரணம். புகாருக்கு உள்ளானவர் கைடாக இருந்தால், விசாரணை முடியும் வரை அவர் உங்கள் வேலையை மதிப்பிடாமல் தடுக்கச் சொல்லிக் கேட்கலாம். என்னிடம் வந்த பெண்களில் பலருக்கு இது தெரியாது. 'சார் கையெழுத்துப் போடாவிட்டால் என் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) போகாதே' என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியவர்கள், அதனால் நெறியாளர்களுக்குத் தனி நடத்தை நெறி வேண்டும் என்றும் அந்த ஒழுங்குமுறை சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

தாரமங்கலம் தறிக்காரர் | செவ்வாய், இரவு 9:10

வக்கீல் அம்மா, சட்டம் இருக்கிறது என்றால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் மகள் கூட நடந்து வருமா? அவள் கல்லூரியில் ஆய்வகத்திலிருந்து விடுதி வரைக்கும் இருட்டாக ஒரு புளியமரச் சாலை இருக்கிறது. நானே நடந்து பார்த்தேன். அந்த ரோட்டில் விளக்குப் போட்டு, கல்லூரி வண்டியில் விடுதி வாசல் வரை கொண்டுவந்து விட்டால் ஒன்பது மணி வரை நான் கையெழுத்துப் போடுகிறேன். பத்து மணிக்கு இன்னும் மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஏற்காட்டுக்காரி | செவ்வாய், இரவு 9:25

ஐயா, நன்றி. 'கதவைத் திறங்கள்' என்று ஒரே வரியில் எழுத இருந்தேன். கதவுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் இருக்கிற ரோட்டை மறந்தே போனேன்.

புதுப்பெயர் | புதன், காலை 6:30

இந்த இழையில் இதுவரை ஆண், பெண் என்று இரண்டு விடுதி பற்றித்தான் பேச்சு. நான் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள், ஆனால் நான் ஆண். ஓமலூர் பக்கம் ஊர். இளங்கலை முடித்து முதுகலை சேர்ந்தேன்.

எனக்கு எந்த விடுதியும் இல்லை. பெண்கள் விடுதியில் போட்டார்கள், அங்கே இருக்க முடியவில்லை. ஆண்கள் விடுதியில் 'சான்றிதழில் பெண் பெயர் இருக்கிறதே' என்றார்கள். வெளியே அறை எடுத்தேன். வாடகை கட்ட மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆக, எனக்கும் மாலை ஆய்வகம் கிடையாது. காரணம்தான் வேறு.

2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமிருந்து அடையாளச் சான்று வாங்கலாம், வாங்கிவிட்டேன். ஆனால் வருகைப் பதிவேட்டில் பழைய பெயர். தினமும் காலையில் ஆசிரியர் அந்தப் பெயரைக் கூப்பிடுவார், நான் எழுந்து நிற்க வேண்டும். எழுபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் பருவத்தில் பாதி நாள் நான் வகுப்புக்குப் போகாததற்கு அதுதான் காரணம். வருகைக் குறைவு என்று அபராதமும் கட்டினேன்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சான்றிதழ் மாறும் வரை பதிவேட்டிலாவது, அடையாள அட்டையிலாவது கூப்பிடும் பெயரை எழுதட்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் தாழ்ப்பாள் சரியாக உள்ள, யாரும் போகக்கூடிய கழிப்பறை ஒன்று இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிற தோழி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கும் அது பயன்படும். இப்போது அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

ஆத்தூர் டீச்சர் | புதன், காலை 9:00

கண்ணு, உன் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் வருகை எடுத்தவள் நான். ஒரு பெயரைக் கூப்பிடுவதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ கேட்ட பெயர் விஷயத்துக்குத் தீர்மானமோ நிதியோ வேண்டாம், ஆசிரியர் கையில் ஒரு பேனா போதும். ஏற்காட்டுப் பெண்ணே, இதைக் கட்டாயம் சேர்.

வழக்கறிஞர் சொன்ன அந்த 2015 ஒழுங்குமுறையில் மூன்றாம் பாலின மாணவர்களையும், சில ஆண் மாணவர்களையும்கூடப் பாதிக்கப்படக் கூடியவர்கள் என்று சேர்த்திருப்பதை நானும் பார்த்தேன்.

ஒரு நெறியாளர் | புதன், இரவு 11:20

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நான் ஆண், பேராசிரியர், எட்டுப் பேருக்குக் கைடாக இருந்திருக்கிறேன். நேர்காணலில் பெண்களிடம் 'கல்யாணம் எப்போது' என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு பெண்ணை அந்தப் பதிலுக்காகவே எடுக்காமல் விட்டேன். அவர் இப்போது வேறு மாநிலத்தில் நல்ல ஆய்வாளர். அவர் கட்டுரைகளை நான் மேற்கோள் காட்டுகிறேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொன்னால்தான் உங்கள் திட்டத்துக்கு உதவும். மானியக் குழு விதிப்படி பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் உண்டு. 2022 விதியில் முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடம், மறுபதிவில் இரண்டு வருடம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். நல்ல விதிகள். ஆனால் என் ஆராய்ச்சித் திட்டத்துக்கு நிதி மூன்று வருடம். அந்தப் பெண் விடுப்பில் போகும் எட்டு மாதமும் அந்தக் கடிகாரம் நிற்காது. மாற்று ஆளைச் சேர்க்கப் பணம் இல்லை. ஆண்டறிக்கையில் 'ஏன் முடிவுகள் இல்லை' என்று என்னைக் கேட்பார்கள். விடுப்பு என்ற உரிமையைக் கொடுத்துவிட்டு, அதன் சுமையை மொத்தமாக ஒரு கைடு தலையில் வைத்தால், கைடுகள் பெண்களை எடுக்கத் தயங்குவார்கள். என் செயலை நியாயப்படுத்தவில்லை, அது தப்பு. அந்தத் தப்பைச் செய்ய வசதியாக முறை இருக்கிறது என்கிறேன்.

நிறுவனமே ஒரு சிறு நிதி ஒதுக்கி, விடுப்பில் போகிறவரின் குடுவைகளைப் பார்த்துக்கொள்ள எட்டு மாதத்துக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தால் போதும். அவர் திரும்பி வரும்போது செடி உயிரோடு இருக்கும். இதை எழுதுங்கள். நேர்காணலில் திருமணம், குழந்தை பற்றிய கேள்வியே கூடாது என்றும் எழுதுங்கள். என்னைப் போன்றவர்களைத் தடுக்க எழுத்தில் ஒரு விதி வேண்டும்.

ஏற்காட்டுக்காரி | வியாழன், காலை 7:40

சார், இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது. என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 'இப்போதைக்கு இல்லை' என்று பொய் சொல்லித்தான் இடம் வாங்கினேன். நீங்கள் எழுதியதற்கு நன்றி.

கருமந்துறை | வியாழன், மதியம் 1:15

அக்கா, நானும் மலைதான், கல்வராயன் பக்கம். மலையாளிப் பழங்குடி. எங்கள் ஊரில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்த முதல் பெண் நான்.

எனக்கு இரவு ஆய்வகத்தை விட உதவித்தொகைதான் பிரச்சினை. ஏழு மாதம் வரவில்லை. வீட்டில் அம்மா, 'காசும் வரவில்லை, வயசும் போகிறது, வந்துவிடு' என்கிறார். ஆண் பிள்ளைக்குப் பணம் வராவிட்டால் 'பொறு' என்பார்கள். பெண்ணுக்கு வராவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஒரே தாமதம், விளைவு இரண்டு விதம். நிறுவனம் கடனாகவாவது மாதம் ஒரு தொகை கொடுத்து, பணம் வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் இல்லையா?

ஜெர்மனியில் சேலத்தான் | வியாழன், மாலை 5:30

ஒரே ஒரு தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், ஹொரைசன் ஐரோப்பா ஆராய்ச்சி நிதி கேட்கும் பல்கலைக்கழகம் எதுவானாலும் பாலின சமத்துவத் திட்டம் கட்டாயம். நான்கு விஷயம் இல்லாவிட்டால் அதைத் திட்டமாகவே ஏற்க மாட்டார்கள்: தலைமை கையெழுத்திட்டு இணையத்தில் வெளியிட வேண்டும், அதற்கென்று ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும், ஆண்டுதோறும் ஆண், பெண் கணக்கெடுத்து வெளியிட வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இந்தியாவிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல், நிறுவனங்களில் பாலின சமத்துவத்துக்காக 'கதி' என்று ஒரு முன்னோடித் திட்டத்தை 30 நிறுவனங்களோடு தொடங்கியது. ரோஜாப்பூவோடு முடியாமல் இருக்க, அந்த நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் வழி. பணம் ஒதுக்காத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எண்கணிதன் | வெள்ளி, காலை 8:20

முதலில் கேள்வி கேட்டவன் நான்தான். நேற்று எங்கள் துறையில் கருத்தரங்கம். டீச்சர் சொன்னது மனதில் இருந்ததால் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். வரவேற்பு, குத்துவிளக்கு, பூங்கொத்து, தேநீர், சான்றிதழில் பெயர் எழுதுவது எல்லாம் பெண் ஸ்காலர்கள். கட்டுரை வாசித்த ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள், அதில் நானும் ஒருவன். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது குழுக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவை என்னை விட நன்றாகத் தெரிந்த பெண் வெளியே தட்டு எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. வேலைப் பட்டியலைச் சுழற்சி முறையில் போட வேண்டும் என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை தேநீர் என் பொறுப்பு.

ஏற்காட்டுக்காரி | பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9:55

மன்னிக்கவும், காபி பறிப்புக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இந்த வரைவைத்தான் மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு போனேன்.

கொடுத்துவிட்டேன். லேமினார் பதிவேட்டின் மூன்று மாதப் பக்கங்களைப் படியெடுத்து முதலில் வைத்தேன், அடுத்து 2015 ஒழுங்குமுறை. பெயர், கழிப்பறை, விடுப்புக்கால உதவியாளர், உதவித்தொகை முன்பணம், நேர்காணல் கேள்வி, எல்லாவற்றையும் சொன்னவர்களின் வார்த்தையிலேயே சேர்த்தேன். கூட்டத்தில் ஒருவர், 'விடுதிக்கும் சமத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்' என்றார். பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

எல்லாம் கிடைக்கவில்லை. முன்பணத்துக்கு நிதி இல்லை என்றார்கள். கருமந்துறைத் தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, மறுபடி எழுதுவேன். புதுப்பெயருக்கு விடுதி பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பதிவேட்டில் கூப்பிடும் பெயர் எழுத மட்டும் சுற்றறிக்கை வரும் என்றிருக்கிறார்கள். உதவியாளர் விஷயம் நிதிக் குழுவுக்குப் போயிருக்கிறது. விடுதிக் கதவு ஆய்வு மாணவிகளுக்கு ஒன்பது மணி வரை, வாரத்தில் மூன்று நாள், சோதனை முறையில். வண்டி உண்டு. ரோட்டில் நான்கு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்று முதல் நாள். ஏழு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை பதிவேட்டில் என் பெயர். முப்பத்திரண்டு குடுவை மாற்றினேன்.

தாரமங்கலம் தறிக்காரர் | இரவு 10:20

வண்டியில் உங்களோடு கூட வந்தது யார்? பெண் காவலரா? அந்த மனுவின் நகலை எனக்கு அனுப்பு அம்மா. அடுத்த மாதம் என் மகள் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது.